சர்க்கரை ஒட்டிய காது

மொன்டெவிடியோவில் ஜூலை. ஆற்றுக்காற்று
ஜன்னலை உலுக்கிவிட்டுப் போகிறது.
ஸுல்மா நீட்டும் மாத்தேக் குடுவையில்
சர்க்கரை கிடையாது. இந்த ஆய்வகத்தில்
யாரும் போடுவதில்லை.
கசப்பை உறிஞ்சிக்கொண்டே
பகல் முழுதும் சர்க்கரைக்குக் கணக்கு எழுதுகிறாள் எலிடா.

கணக்கு என்றால்
மயங்கிக் கிடக்கும் பழ ஈக்களைத்
தூரிகை நுனியால் புரட்டுவது.
நூற்றுப் பன்னிரண்டாவது ஈ.
இறக்கை இருக்கவேண்டிய இடத்தில்
எலி கொறித்த அப்பளம்போல்
ஒரு துண்டு.

அந்த ஈயிடம் இல்லாதது
ஒரே ஒரு வேலையாள்.
ஃபிரிஞ்ச் என்று பெயர்.
செல்லின் உள்ளறையில் உட்கார்ந்து
வாசலுக்குப் போகவிருக்கும் காதுகளில்
ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைமேல்
இன்னொரு சர்க்கரையை ஒட்டி அனுப்புகிறவன்.

நாட்ச் என்பது அந்தக் காது.
இறக்கையின் மேல்தளத்தில் அது துளி ஏறியது;
கீழ்த்தளத்தில் ஏறாதது.
மற்றபடி ஒரே காது, ஒரே மரபணு,
ஓரெழுத்தும் மாறவில்லை.
எழுத்தின் தலையில் புள்ளி வைக்கிறோமே,
அவ்வளவுதான்.
ஆனால் துளி ஏறிய காது
தன் பக்கத்தார் கூவும் செரேட்டுக்குச் செவிடு;
எதிர்ப்பக்கத்து டெல்டா என்றால்
முணுமுணுத்தாலும் கேட்கும்.
துளி ஏறாத காதுக்கோ
மேலிருந்து வரும் செரேட்தான் பேச்சு.
தொட்டு நிற்கும் அண்டைவீட்டைத் தவிர
வேறெதுவும் எட்டாத உலகம் அது.
ஆகவே
இரண்டு பக்கமும் உரசிக்கொள்ளும்
ஒற்றைக் கோட்டில் மட்டும் பேச்சு நடக்கிறது.
பேச்சு நடந்த கோடு விளிம்பாகிறது.
விளிம்பு விழுந்தால்தான்
இறக்கைக்கு வளரத் தெரியும்.

எலிடா பிறந்தது ரிவேராவில்.
அங்கே நாட்டெல்லை ஒரு தெரு.
இந்த நடைபாதை உருகுவே,
அந்த நடைபாதை பிரேசில்,
நடுவில் ஒரு நாய்
எந்த அரசுக்கும் பதில் சொல்லாமல் படுத்திருக்கும்.

அவள் கல்யாண விருந்தில்
மாமனார் டகோபெர்த்தோ, தலைநகரத்து மனிதர்,
பெலோத்தஸிலிருந்து வந்த ஜுரேமா அத்தை
இரண்டு நாள் நின்று கிண்டிய பூசணி இனிப்பை
வாயில் போட்டுக் கண்ணை மூடி
"எக்ஸ்கிஸித்தோ" என்றார்.
அவர் ஸ்பானிஷில் அது தேவாமிர்தம்.
அத்தையின் போர்த்துக்கீசியக் காதில்
அதே சொல்: என்னவோ மாதிரி இருக்கிறது,
விசித்திரம்.
அத்தை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.
ஒன்பது வருடம் ஒரு வாழ்த்து அட்டைகூட இல்லை.
மேஜையின் நடுவில் உட்கார்ந்திருந்த ரிவேராக்காரர்கள்
இரண்டு விதமாகவும் கேட்டுவிட்டுக்
கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.
யாராவது எழுந்து சொல்லியிருக்கலாம்.
எலிடாவும் சொல்லவில்லை.
அவ்வளவு நல்ல சிரிப்பு அது.

இன்று காலை பேருந்து நிலையத்திலிருந்து
ஒரு பொட்டலம் வந்தது.
ஜாடி. பூசணி. ஆரஞ்சுப் பழுப்பு.
டகோபெர்த்தோவுக்கு, என்று மூடியில்.
கீழே அந்த ஒரே சொல்.
முதலில் போர்த்துக்கீசிய 'எஸ்' எழுதி
அதன்மேல் பேனாவை அழுத்தி அழுத்தி
ஸ்பானிஷ் 'எக்ஸ்' ஆக்கியிருந்தாள்.
தாள் சற்றே கிழிந்திருந்தது அந்த இடத்தில்.
யார் சொல்லிக்கொடுத்தார்களோ.
கோபம் தீர்ந்துதான் எழுதினாளோ,
குத்திக்காட்டத்தான் எழுதினாளோ,
ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால்
தெரியவில்லை.
மாமனாருக்கு எது கேட்குமோ
அது கேட்கட்டும்.

ஸுல்மா மறுபடி குடுவையை நீட்டினாள்.
"கிராசியாஸ்" என்றாள் எலிடா.
நன்றி என்று சொன்னால்
இங்கே போதும் என்று அர்த்தம்.

நூற்றுப் பதிமூன்றாவது ஈ
மயக்கம் தெளிந்து எழும்பப் பார்த்தது,
எழும்பவில்லை.
நடந்தே
தட்டின் விளிம்புவரை போய்
நின்றுகொண்டிருக்கிறது.